பங்குச் சந்தை கற்றுக்கொள்ள எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

#1 · கரூர்_ஏற்றுமதி

வணக்கம். கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறேன். மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி ஓடிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தப் போவதில்லை. அதோடு மாதம் ஐந்தாயிரம் அளவில் நேரடியாகப் பங்கு வாங்கிப் பழகலாம் என்று டீமேட் கணக்கு திறந்து வைத்திருக்கிறேன். இன்னும் எதுவும் வாங்கவில்லை.

வாங்குவதற்கு முன் கொஞ்சம் படித்துவிடலாம் என்று தேடினால் ஆளுக்கு ஐம்பது புத்தகம் சொல்கிறார்கள். முக்கால்வாசி அமெரிக்காவில் எழுதியவை. ஆங்கிலம் படிப்பேன், ஆனால் மெதுவாகத்தான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும். எதை முதலில் படிப்பது, எதைத் தள்ளி வைப்பது, எதைத் தொடவே வேண்டாம்? டிரேடிங் எண்ணம் இல்லை. வாங்கினால் ஐந்து வருடமாவது வைத்திருக்க வேண்டும். தமிழில் நல்லதாக இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

#2 · மாம்பலம்_ரிட்டயர்டு

தம்பி, கேட்ட கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. வாங்கிவிட்டு வந்து "இதை வைத்திருக்கலாமா" என்று கேட்பவர்கள்தான் இங்கே அதிகம்.

தமிழில் தொடங்குங்கள். சோம. வள்ளியப்பன் எழுதிய ‘அள்ள அள்ளப் பணம்’ முதல் பாகம். தலைப்பைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம், உள்ளே இருப்பது நிதானமான அடிப்படைப் பாடம். பங்கு என்றால் என்ன, முகமதிப்பு என்ன, போனஸ், டிவிடெண்ட், ஆர்டர் போடுவது எல்லாம் இருக்கும். ஒன்று மட்டும் கவனம்: பழைய புத்தகக் கடையில் கிடைக்கும் பதிப்பில் வரி, செட்டில்மென்ட் (பங்கும் பணமும் கைமாறுவது) விவரங்களை நம்ப வேண்டாம். 2023 ஜனவரி 27 முதல் எல்லாப் பங்குகளுக்கும் வாங்கிய மறுநாளே செட்டில்மென்ட். மூலதன ஆதாய வரியும் 2024 ஜூலை 23 முதல் மாறிவிட்டது. ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்து விற்றால் ஒன்றேகால் லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம்.

அடுத்தது பெஞ்சமின் கிரஹாமின் ‘தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’. 1949இல் வந்த புத்தகம். முழுதும் படிக்கச் சொன்னால் பாதியில் தூங்கிவிடுவீர்கள். அமெரிக்கக் கடன் பத்திரம், அந்தக் காலத்து ரயில்வே கம்பெனி என்று நீண்டுகொண்டே போகும். எட்டாவது அத்தியாயமும் இருபதாவது அத்தியாயமும் போதும். கிரஹாமின் மாணவரான அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட்டே தன் முன்னுரையில் இந்த இரண்டைத்தான் தனியாகக் குறிப்பிடுகிறார். எட்டாவது, விலை ஏறி இறங்கும்போது முதலீட்டாளர் எப்படி இருக்க வேண்டும் என்பது. இருபதாவது, நம் கணிப்பு தப்பினாலும் தாங்கும்படி விலையில் இடைவெளி விட்டு வாங்குவது.

செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் இருந்த காலத்தில் இதெல்லாம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. புரோக்கர் காதில் சொன்னதுதான் பாடம்.

#3 · சார்ட்_சிங்கம்

1949 புத்தகத்தை வைத்து இன்றைய மார்க்கெட்டில் என்ன செய்வது சார்? இப்போது எல்லாமே விலையில் தெரிந்துவிடும். விலை வரைபடத்தில் கேண்டில் பேட்டர்ன், சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் மூன்றையும் பார்க்க யூடியூபில் ஒரு வாரத்தில் கற்கலாம். ஐந்தாயிரத்தை வைத்துப் பங்கு வாங்கினால் வருடத்துக்கு ஐந்நூறு வரும். அதையே ஆப்ஷனில் போட்டால் ஒரே எக்ஸ்பைரியில் இரண்டு மடங்கு. புத்தகப் பூச்சிகள் கடைசி வரை படித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

#4 · கணக்கு_டீச்சர்

சிங்கம், நீங்கள் சொல்வதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது, சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே எழுதியது. 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வு. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ, அதாவது ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். சராசரியாக ஆளுக்குச் சுமார் 2 லட்சம், செலவையும் சேர்த்து. மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதே வருடம் ஜூலையில் வந்த இன்னோர் ஆய்வு, பங்குகளில் இன்ட்ராடே, அதாவது அன்றே வாங்கி அன்றே விற்பது, செய்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் 2022-23இல் நஷ்டப்பட்டார்கள் என்கிறது.

கரூர்க்காரரே, இந்த இரண்டு ஆய்வுகளையும் உங்கள் பட்டியலில் முதலிலேயே சேருங்கள். எதைத் தொடவே வேண்டாம் என்று கேட்டீர்களே, அதற்கான பதில் அங்கே அட்டவணையாகவே இருக்கிறது.

#5 · நிர்வாகி

இந்த இழையில் வந்த டெலிகிராம் குழு இணைப்பு ஒன்று நீக்கப்பட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு எதை வாங்கலாம், விற்கலாம் என்று சொல்லும் டிப்ஸ், "உத்தரவாத லாபம்" விளம்பரங்கள் போட்டால் கணக்கு முடக்கப்படும்.

#6 · அடிக்குறிப்பு

புத்தகப் பட்டியல் நீண்டுகொண்டே போகும் என்பதால் வேறு பக்கம் இழுக்கிறேன். மாம்பலம் ஐயா சொன்ன இரண்டோடு இப்போதைக்குப் புத்தகத்தை நிறுத்துங்கள். அப்புறம் ஒரே ஒரு கம்பெனியின் ஆண்டறிக்கையை எடுங்கள். நீங்கள் அக்கவுன்ட்ஸ் ஆள். பத்துப் புத்தகம் படித்த மற்றவர்களுக்குத் தெரியாதது உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: பில் போட்டது வேறு, பணம் வந்தது வேறு.

ஆண்டறிக்கை கம்பெனி தளத்திலும் என்எஸ்இ, பிஎஸ்இ என்ற எக்ஸ்சேஞ்ச் (பங்குச் சந்தை) தளங்களிலும் இலவசமாகக் கிடைக்கும். மார்ச்சில் கணக்கு முடிப்பவர்கள் செப்டம்பர் 30க்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும். அதற்கு 21 நாள் முன்பே அறிக்கை கைக்கு வந்துவிடும். அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குப் படிப்பு சீசன்.

முன்பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். முன்பக்கத்தில் சூரிய உதயப் படம், சேர்மன் கடிதம், மரம் நடும் ஊழியர்கள். நேராகத் தணிக்கையாளர் அறிக்கைக்குப் போங்கள். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே வாசகம்தான் இருக்கும், அதில் எங்கே மாறுகிறது என்று மட்டும் பாருங்கள். கருத்து நிபந்தனை இல்லாமல் வந்திருக்கிறதா, "கீழ்க்கண்டவை நீங்கலாக" என்று ஏதாவது தொங்குகிறதா? சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் அறிக்கையில் 2018-19 முதல் முக்கியத் தணிக்கை விஷயங்கள் என்று ஒரு பகுதி வருகிறது. தணிக்கையாளர் எந்த இடத்தில் அதிக நேரம் செலவிட்டார் என்பதை அவரே எழுதித் தருகிறார். வருமானத்தை எப்போது கணக்கில் ஏற்றுகிறார்கள், சரக்கு மதிப்பு எப்படிப் போட்டார்கள், வாங்கிய கம்பெனியின் நல்லெண்ண மதிப்பு (குட்வில்) இன்னும் அதே அளவில் நிற்கிறதா, இப்படி. இதைவிட நல்ல வழிகாட்டி இலவசமாகக் கிடைக்காது.

அதன் பின்னிணைப்பாக ‘காரோ’ என்று ஓர் அறிக்கை இருக்கும். எழுத்து பொடியாக இருக்கும், யாரும் படிக்க மாட்டார்கள். பிஎஃப், ஜிஎஸ்டி பாக்கி இருக்கிறதா, வங்கித் தவணை தவறியிருக்கிறதா என்பதெல்லாம் அதில்தான். 2021-22 முதல் இன்னொன்றும் சேர்ந்தது. நடைமுறை மூலதனக் கடன் வரம்பு ஐந்து கோடிக்கு மேல் இருந்தால், வங்கிக்குக் காலாண்டுதோறும் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்டும் (சரக்கு இருப்புக் கணக்கு) கம்பெனிக் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்று தணிக்கையாளர் சொல்ல வேண்டும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் எப்படித் தயாராகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது கேஷ் ஃப்ளோ, அதாவது பணம் வந்து போன கணக்கு. ஒரு வருடத்தை மட்டும் பார்த்தால் ஏமாற்றும், ஐந்து வருடத்தைக் கூட்டுங்கள். ஐந்து வருட நிகர லாபம் ஒரு பக்கம், தொழிலிலிருந்து வந்த பணம் இன்னொரு பக்கம். உதாரணத்துக்கு, லாபம் 500 கோடி என்று காட்டிவிட்டு வந்த பணம் 120 கோடிதான் என்றால் மிச்சம் எங்கே என்று தேட வேண்டும். பெரும்பாலும் வரவேண்டிய பாக்கியிலோ சரக்கிலோ உட்கார்ந்திருக்கும். வரவேண்டிய பாக்கிக்கு இப்போது வயதுவாரி அட்டவணை கட்டாயம்: ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், இரண்டு, மூன்று, அதற்கும் மேல். மூன்று வருடப் பாக்கியை இன்னும் நல்ல பாக்கி என்றே வைத்திருந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக இரண்டு குறிப்புகள். தொடர்புடையவர்களோடு நடந்த பரிவர்த்தனைகள், பிறகு வழக்கு முடிந்தால் தலையில் விழக்கூடிய பொறுப்புகள். புரமோட்டரின், அதாவது கம்பெனியைத் தொடங்கிக் கையில் வைத்திருப்பவரின், தனிக் கம்பெனிக்கு வாடகை, ராயல்டி, கடன், ஜாமீன் என்று எவ்வளவு போகிறது? வருமான வரி, கலால் வழக்குத் தொகை கம்பெனியின் சொந்த மூலதனத்தில் எத்தனை சதவீதம்? இவ்வளவுதான் முதல் வாசிப்பு.

#7 · கரூர்_ஏற்றுமதி

நன்றி சார். எங்கள் அலுவலகத்தில் பையர் பாக்கியை வயதுவாரியாகப் பிரித்து வைப்பதே என் வேலைதான். பங்குச் சந்தைப் படிப்பில் அது உதவும் என்று யோசித்ததே இல்லை.

ஆனால் ஒரு கம்பெனி அறிக்கையை இறக்கிப் பார்த்தேன், முந்நூறு பக்கத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு எப்படி?

#8 · அடிக்குறிப்பு

முந்நூறில் நீங்கள் படிக்க வேண்டியது நாற்பது இருக்கலாம். பெரிய கம்பெனி அறிக்கைகளில் ஒரு கனமான பகுதி சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றியது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் கம்பெனிகள் அதைக் கொடுத்தே ஆக வேண்டும். பயனில்லாதது என்று சொல்லவில்லை, முதல் வாசிப்புக்குத் தேவையில்லை. நிதிக் கணக்கு இரண்டு முறை வரும், தனியாகவும் துணைக் கம்பெனிகளைச் சேர்த்தும். அதிலேயே பக்கம் இரட்டிப்பாகிவிடுகிறது.

அதற்கும் முன்னால் படிக்க மூன்று நான்கு பக்கத்தில் ஒன்று இருக்கிறது, புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கிரிசில், இக்ரா, கேர் போன்ற ரேட்டிங் நிறுவனங்கள் கம்பெனியின் வங்கிக் கடனுக்குத் தரம் கொடுக்கும்போது, ஏன் அந்தத் தரம் என்று ஒரு குறிப்பு வெளியிடுவார்கள். தளத்தில் இலவசம். கடன் கொடுப்பவன் கண்ணோட்டத்தில் எழுதியது என்பதால் கனவு எதுவும் இருக்காது. பலம் என்ன, பலவீனம் என்ன, யாரை நம்பித் தொழில் நடக்கிறது, கையில் எவ்வளவு பணம், அடுத்த வருடத் தவணை எவ்வளவு, எது நடந்தால் தரத்தைக் குறைப்போம், எல்லாம் வரிசையாக இருக்கும். சிறிய கம்பெனியில் "தகவல் தந்து ஒத்துழைக்கவில்லை" என்ற அடைமொழியோடு ரேட்டிங் வந்திருந்தால் நான் அத்தோடு கோப்பை மூடிவிடுவேன்.

பிறகு காலாண்டு முடிவுக்குப் பின் நடக்கும் அனலிஸ்ட் கூட்டத்தின் எழுத்து வடிவம். அதையும் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் போட வேண்டும். நிர்வாகத்தின் பேச்சைத் தாண்டிவிட்டுக் கேள்வி பதிலுக்குப் போங்கள். ஒரே கேள்வியை மூன்று பேர் மாற்றி மாற்றிக் கேட்டும் நேர்ப் பதில் வரவில்லை என்றால் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய கூட்டத்தையும் எடுத்து, அப்போது சொன்ன புது யூனிட் வந்ததா என்று பாருங்கள். நல்ல நிர்வாகம் எது, வாய்ப்பந்தல் எது என்று எந்தப் புத்தகத்தையும்விட இது சீக்கிரம் காட்டும்.

#9 · ஹைதராபாத்_தமிழன்

அடிக்குறிப்பு சார், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆண்டறிக்கையை இவ்வளவு நம்பலாமா? நான் இருக்கும் ஊரில் சத்யம் என்று ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இருந்தது. 2008இல் நல்ல நிர்வாகத்துக்காகக் கோல்டன் பீகாக் விருது வாங்கியது. தணிக்கை செய்தது உலகப் பெயர் பெற்ற நிறுவனக் குழுமம். 2009 ஜனவரி 7ஆம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு கடிதம் எழுதுகிறார்: கணக்கில் காட்டிய 5,361 கோடி ரொக்கம், வங்கி இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை. அன்றைக்கு 179 ரூபாய்ப் பங்கு 40 ரூபாய்க்கு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டறிக்கையை அட்டை முதல் அட்டை வரை படித்திருந்தாலும் என்ன கண்டுபிடித்திருப்பீர்கள்?

#10 · அடிக்குறிப்பு

நியாயமான அடி. வங்கி இருப்பே பொய் என்றால் வீட்டில் உட்கார்ந்து படிப்பவனால் கண்டுபிடிக்க முடியாது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் படித்துப் புரிந்த கம்பெனியானாலும் மொத்தப் பணத்தையும் ஒன்றில் போடக் கூடாது என்கிறார்கள்.

ஆனால் சத்யம் கதை ஜனவரி 7ஆம் தேதி தொடங்கவில்லை. மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16, ராஜு குடும்பத்தார் கையிலிருந்த மேடாஸ் இன்ஃப்ரா, மேடாஸ் பிராப்பர்ட்டீஸ் இரண்டையும் சத்யம் பணத்தில் 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவித்தார்கள். முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்திலேயே வாபஸ். சாஃப்ட்வேர் கம்பெனி எதற்குப் புரமோட்டர் வீட்டு ரியல் எஸ்டேட் கம்பெனியை வாங்க வேண்டும்? எக்ஸ்சேஞ்ச் அறிவிப்பைப் படித்த எவருக்கும் இந்தக் கேள்வி வந்திருக்கும். பங்கு அடி வாங்கியது உண்மைதான், ஆனாலும் வெளியே போகக் கதவு மூன்று வாரம் திறந்தே இருந்தது.

ராஜு குடும்பத்தின் பங்குகள் அடகில் இருந்ததும் அப்போதுதான் வெளியே வந்தது. அதற்குப் பிறகுதான் புரமோட்டர் பங்கு அடகு விவரத்தைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி உத்தரவிட்டது. இன்றைக்கு அது காலாண்டுப் பங்குதாரர் பட்டியலிலேயே ஒரு கட்டம். பார்க்க அரை நிமிடம்.

தணிக்கையாளர் பாதியில் விலகுவதும் அப்படித்தான். 2018 மே மாதம் மன்பசந்த் பெவரேஜஸ் கம்பெனியின் தணிக்கையாளர் டெலாய்ட், ஆண்டு முடிவு வெளியாகச் சில நாள் இருக்கும்போது விலகினார்கள். வெறும் ஒரு பக்க அறிவிப்பு. அந்த ஒரு பக்கத்தைப் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் அடுத்த வருடம் ஒரே மாதிரி இருக்கவில்லை.

#11 · கணக்கு_டீச்சர்

இடையில் ஒரு சின்ன விஷயம், புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுவது. "எம்ஆர்எஃப் பங்கு ஒரு லட்சம், நமக்குக் கட்டாது. வோடஃபோன் ஐடியா பத்து ரூபாய், ஆயிரம் பங்கு வாங்கலாம்."

பங்கு எண்ணிக்கையைப் பாருங்கள். சென்னை எம்ஆர்எஃப் கம்பெனியில் இருப்பதே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான். 2023 ஜூனில் விலை ஒரு லட்சத்தைத் தொட்டபோது கம்பெனியின் மொத்த மதிப்பு 42,400 கோடி. வோடஃபோன் ஐடியா 2024 ஏப்ரலில் 11 ரூபாய் விலையில் 18,000 கோடி திரட்டியது. வகுத்துப் பாருங்கள், அந்த ஒரு வெளியீட்டில் மட்டும் புதிதாக 1,600 கோடிப் பங்குகளுக்கு மேல் வந்தன. இருந்த பங்குகள் தனி. பத்து ரூபாய் என்பதில் மலிவும் இல்லை, லட்சம் என்பதில் கிராக்கியும் இல்லை.

இந்த மாதிரிப் பிசகுகளை ஓர் அத்தியாயமாகவே போட்டிருக்கிறார் பீட்டர் லிஞ்ச், 1989இல் வந்த ‘ஒன் அப் ஆன் வால் ஸ்ட்ரீட்’ புத்தகத்தில். பங்கு விலை பற்றி ஜனங்கள் சொல்லும் பன்னிரண்டு அசட்டுத்தனங்கள் என்ற அத்தியாயம். "மூன்று டாலர் பங்கு, இதற்கு மேல் என்ன நஷ்டம் வந்துவிடும்?" என்பதும் அதில் ஒன்று. 1977 முதல் 1990 வரை ஃபிடெலிட்டி மெகலன் ஃபண்டை நடத்தியவர், எழுத்து ஜாலியாக இருக்கும். மெதுவாக ஆங்கிலம் படிப்பவருக்குக் கிரஹாமைவிட இவர் எளிது. "உனக்குத் தெரிந்ததை வாங்கு" என்று அவர் சொன்னதாக ஒரு வரி எங்கும் சுற்றுகிறது. புத்தகத்தைப் படித்தால் தெரியும், கடையில் பொருள் பிடித்திருக்கிறது என்பது விசாரணைக்குத் தொடக்கம் மட்டும்தான் என்று திரும்பத் திரும்ப எச்சரிக்கிறார்.

#12 · இண்டெக்ஸ்_போதும்

எல்லோரும் படிக்கச் சொல்கிறீர்கள், ஒருவராவது "இது உனக்குத் தேவையா" என்று கேட்கவில்லையே. மாதம் ஐந்தாயிரத்துக்கு ராத்திரி ஒரு மணி நேரம். நிஃப்டி பட்டியலில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு விளையாடலாம். நான் சொல்வதை விடுங்கள், பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதிய 1996 வருடக் கடிதத்தில் அதையேதான் சொல்கிறார்: பெரும்பாலான முதலீட்டாளர்களுக்குச் செலவு குறைந்த இண்டெக்ஸ் ஃபண்டே சிறந்த வழி. படித்தே ஆக வேண்டும் என்றால் வான்கார்ட் நிறுவனர் ஜான் போகிள் எழுதிய ‘தி லிட்டில் புக் ஆஃப் காமன் சென்ஸ் இன்வெஸ்டிங்’ ஒன்று போதும். சின்னப் புத்தகம். ஒரே விஷயத்தை அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொல்வார்: நீங்கள் கட்டும் கட்டணம் உங்கள் லாபத்திலிருந்துதான் போகிறது.

#13 · மாம்பலம்_ரிட்டயர்டு

இண்டெக்ஸ் தம்பி சொல்வது தப்பில்லை. ஆனால் கரூர்த் தம்பி எஸ்ஐபியை நிறுத்தவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாரே. அதன் மேல் ஐந்தாயிரத்தில் தொழில் கற்கட்டும். சிலருக்கு இது பிடிக்கும், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதற்குப் பதில் பேலன்ஸ் ஷீட் பார்ப்பார்கள். வீட்டில் என்னை இதற்காகத்தான் திட்டுவார்கள்.

பஃபெட் கடிதம் என்றதும் ஞாபகம் வந்தது. 1977 முதல் எல்லாக் கடிதமும் அவர் கம்பெனியான பெர்க்‌ஷயர் தளத்தில் இலவசம். வரிசையாகப் படிக்க வேண்டாம், இன்சூரன்ஸ் பகுதியில் மாட்டிக்கொள்வீர்கள். 2013ஆம் வருடக் கடிதத்தை முதலில் எடுங்கள். அமெரிக்காவில் ஒமாஹாவுக்கு வடக்கே நானூறு ஏக்கர் நிலத்தை 1986இல் வாங்கிய கதை அதில் வரும். விவசாயம் தனக்குத் தெரியாது என்கிறார். ஏக்கருக்கு என்ன விளையும், செலவு போக என்ன நிற்கும் என்று மகனிடம் கேட்டுக் கணக்குப் போட்டு வாங்குகிறார். நிலத்துக்கு இன்று என்ன விலை என்று தினமும் யாரும் வந்து கூவுவதில்லை என்பதால் நிம்மதியாக இருந்தேன், பங்கு வைத்திருப்பவர்கள் மட்டும் ஏன் அந்தக் கூவலுக்கு ஆடுகிறார்கள் என்று கேட்கிறார். நம் ஊரில் காடு கழனி வாங்கியவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

அப்புறம், ஒரே ஒரு பங்காவது வாங்கிவிட்டு ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போங்கள். முன்பு மியூசிக் அகாடமி, நாரத கான சபா என்று சபாக்களில் நடக்கும். டிபன் பொட்டலத்துக்காகவே வரும் பங்குதாரர்கள் உண்டு. 2020 முதல் பெரும்பாலும் ஆன்லைன்தான். டிபன் போச்சு, ஆனால் கரூரிலிருந்தே கேள்வி கேட்கலாம்.

#14 · கோவை_பம்ப்செட்

யாரும் சொல்லாத ஒன்று: செபி உத்தரவுகள். துப்பறியும் கதை மாதிரி இருக்கும். 2023 மார்ச் மாதம் சாத்னா பிராட்காஸ்ட் பங்கு பற்றி வந்த இடைக்கால உத்தரவைத் தேடிப் படியுங்கள். பெரிய குழுமம் ஒன்று கம்பெனியை வாங்கப்போகிறது என்பது போன்ற பொய்களோடு யூடியூப் வீடியோக்கள். பணம் கொடுத்து அதற்கு விளம்பரம். வீடியோ ஓடிய காலத்தில் சிறு பங்குதாரர் எண்ணிக்கை 2,167இலிருந்து 55,343 ஆனது. அதே நேரத்தில் புரமோட்டர் தரப்பும் கூட்டாளிகளும் விற்று வெளியேறியிருக்கிறார்கள். யார் கணக்கிலிருந்து யாருக்குப் பணம் போனது என்று செபி அட்டவணை போட்டே காட்டியிருக்கிறது. இப்படி இரண்டு உத்தரவு படித்தால், "ராக்கெட் ஸ்டாக்" தம்ப்நெயில் பார்த்தவுடன் கை தானாக ஸ்க்ரோல் பண்ணிவிடும்.

செபியின் நிதிக் கல்விக் கையேடு தமிழிலும் இலவசம். செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் முதலீட்டாளர் சான்றிதழ்த் தேர்வுக்கும் கட்டணம் இல்லை. சீரோதா புரோக்கரின் பாடத் தளமான வர்சிட்டியும் இலவசம்தான், அடிப்படைப் பகுப்பாய்வுப் பாடம் தெளிவு. புரோக்கர் நடத்துவது என்பதால் ஆப்ஷன் பாடமும் அங்கேயே பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கம் திரும்பாமல் வந்துவிடுங்கள்.

#15 · சார்ட்_சிங்கம்

சரி, எஃப் அண்ட் ஓ ஆய்வைப் படித்தேன். 93 என்று நினைக்கவில்லை. ஆனால் கம்பெனி முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்கும் ஐபிஓ? அதில் லிஸ்டிங் அன்றே லாபம் வருகிறதே. அதற்கும் ஆண்டறிக்கையா?

#16 · கணக்கு_டீச்சர்

அதற்குப் பிராஸ்பெக்டஸ், அதாவது வெளியீட்டுக்கு முன் கம்பெனி கொடுக்கும் விவர அறிக்கை. ஐந்நூறு பக்கம் இருக்கும், முதலில் இரண்டு இடம் போதும். திரட்டும் பணம் எதற்கு என்ற பகுதி, ஆபத்துக் காரணிகள் என்ற பகுதி. 2021 நவம்பர் பேடிஎம் வெளியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 18,300 கோடி. அதில் கம்பெனிக்குப் போனது 8,300 கோடி, மிச்சம் 10,000 கோடி பழைய பங்குதாரர்கள் விற்றது. தொடர்ந்து நஷ்டத்தில் இருப்பதை ஆபத்துக் காரணிகளில் அவர்களே எழுதியிருந்தார்கள். லாப வரலாறு இல்லாத கம்பெனி என்பதால் சிறு முதலீட்டாளர் ஒதுக்கீடு வழக்கமான 35 சதவீதம் இல்லை, 10 சதவீதம். இவ்வளவும் விண்ணப்பிக்கும் முன்பே அச்சில் இருந்தவை. 2,150 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு முதல் நாளே சுமார் 27 சதவீதம் கீழே முடிந்தது.

#17 · கரூர்_ஏற்றுமதி

எல்லோருக்கும் நன்றி. ‘அள்ள அள்ளப் பணம்’ பாதி முடித்துவிட்டேன், கிரஹாமின் எட்டாவது அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். ஜவுளி நமக்குத் தெரிந்த தொழில் என்பதால் கோவை கேபிஆர் மில் ஆண்டறிக்கையை எடுத்திருக்கிறேன். வாங்குவதற்காக இல்லை, பழகுவதற்கு. ரேட்டிங் குறிப்பையும் இறக்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். தனிக் கணக்கில் உள்ள விற்பனைக்கும் ஒருங்கிணைந்த கணக்கில் உள்ள விற்பனைக்கும் நிறைய வித்தியாசம் வருகிறது. துணிக் கம்பெனியில் சர்க்கரை, எத்தனால் என்று வேறு வருகிறது. எதை வைத்துக் கணக்குப் போடுவது?

#18 · அடிக்குறிப்பு

ஒருங்கிணைந்த கணக்கை வையுங்கள். அந்தக் கம்பெனியின் சர்க்கரை ஆலை கர்நாடகத்தில் துணைக் கம்பெனி பெயரில் இருக்கிறது. தனிக் கணக்கை மட்டும் பார்த்தால் அது விற்பனையில் தெரியாது, துணைக் கம்பெனியில் போட்ட முதலீடாகவும் கொடுத்த கடனாகவும் மட்டும் தெரியும்.

அடுத்து, குறிப்புகளில் ‘செக்மென்ட்’ என்று தேடுங்கள். ஜவுளி எவ்வளவு விற்பனை, எவ்வளவு லாபம், அதில் எவ்வளவு மூலதனம் மாட்டியிருக்கிறது, சர்க்கரைக்கு அதே மூன்றும் என்ன என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். ஐந்து வருடத்துக்கு எக்செலில் போடுங்கள். ஜவுளிப் பகுதியில் வரும் லாப விகிதத்தை உங்கள் அலுவலகத்தில் நீங்கள் பார்க்கும் விகிதத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று எழுதுங்கள். நூலிலா, சொந்தக் காற்றாலை மின்சாரத்திலா, கூலியிலா, வாங்கும் பையரிலா? அட்டவணையை இங்கேயே போடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன். சர்க்கரைப் பகுதிக்கு எனக்கும் ஆள் தேவை. அந்தத் தொழில் தெரிந்தவர் யாராவது இருந்தால் வாருங்கள்.